ஊற்று நின்ற சாட்சி

வெள்ளிக்கிழமை ஜெபித்தார்கள். சனிக்கிழமை காலையில் தண்ணீர் நின்றுவிட்டது. கேட்டதை அப்படியே கையில் எடுத்துக் கொடுத்தது போன்ற ஓர் அற்புதத்தை ஜீவராணி தன் நாற்பத்தெட்டு வயதில் கண்டதில்லை.

இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான மேட்டு லயத்தின் பின்சுவருக்கும் மலைக்கும் நடுவே ஓர் ஊற்று இருந்தது. வெயில் காலத்தில் அது நல்ல பிள்ளை. பாத்திரம் கழுவ, துணி அலச, எல்லாவற்றுக்கும் ஆகும். மழை பிடித்துவிட்டால் அடங்காது. பின்னால் வடிகாலாக வெட்டிய கானை நிரப்பி, லயத்தின் கடைசி நான்கு காம்பிராக்களுக்குள் புகுந்து, அடுப்பை அணைத்துவிட்டு, முன்பக்கத் திண்ணையான இஸ்தோப்பு வழியாக இறங்கிப் போகும். ஒற்றை அறை வீட்டில் தண்ணீருக்கு ஒதுங்கி வழிவிட யாருக்கு இடம் இருக்கிறது?

கடைசிக் காம்பிராவில் இருந்தவள் நிஷாந்தி. பெண் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. புருஷன் திலக்ஷன் கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் வேலை பார்த்தான். மாதத்துக்கு ஒருமுறை வருவான். கூட இருந்தது மாமியார் பேச்சியம்மா. பேச்சியம்மா ஒவ்வொரு வருஷமும் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவள். மருமகளோ மூன்று மாதமாக ஜீவராணியின் ஜெபக் கூட்டத்துக்குப் போய் வருகிறவள். அந்தக் காம்பிராவில் அடுப்பு புகைந்தது பாதி, மாமியாரும் மருமகளும் புகைந்தது மீதி.

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை நிஷாந்தியின் காம்பிராவிலேயே வைத்தார்கள். கட்டிலுக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலின் மேல் குழந்தை. ஜீவராணி அந்தத் தண்ணீரிலேயே முழங்கால் போட்டாள். "ஆண்டவரே, இந்தத் தண்ணிய நிறுத்துங்க. இந்தப் பச்சப் புள்ளைக்காக நிறுத்துங்க" என்று தொண்டை கட்டும்வரை கேட்டாள். மறுநாள் விடிந்தபோது கானில் மழைத்தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்ததே தவிர, ஊற்றிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. மழை மட்டும் நிற்காமல் பெய்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், தலவாக்கலையிலிருந்து வந்திருந்த பாஸ்டருக்கு முன்னால் ஜீவராணி சாட்சி சொன்னாள். சொல்லச் சொல்ல, கணுக்கால் அளவுத் தண்ணீர் முழங்காலுக்கு ஏறி, ஆமேன் சொல்வதற்குள் இடுப்பைத் தொட்டுவிட்டது. யாரும் அதை அளந்து பார்க்கவில்லை. எல்லாரும் அழுதார்கள். நிஷாந்தி எழுந்து நின்று, இனிமேல் ஆண்டவர்தான் எனக்கு எல்லாம், கோயில் வாசலை மிதிக்க மாட்டேன் என்றாள். அடுத்த ஞாயிறு குழந்தைக்குப் பேர் வைக்கப் போவதாகவும் அந்தப் பேர் அற்புதராணி என்றும் சொன்னாள். அந்தப் பேரில் பாதி நடந்த அற்புதத்துக்கு, மீதி ஜீவராணிக்கு. ஜீவராணிக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் சுபாவமே அதுதான். எதிலும் நிதானம் கிடையாது. சந்தோஷம் என்றால் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். துக்கம் என்றால் பாயைச் சுருட்டாமல் நாலு நாள் கிடப்பாள். தம்பி செத்தபோது ஆண்டவரோடு ஒரு மாதம் பேச்சில்லாமல் இருந்தாள். அப்புறம் சமாதானம் ஆனபோது, அந்த ஒரு மாதத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் ஜெபித்துத் தீர்த்தாள். நல்ல மனுஷி, ஆனால் நடுவில் நிற்கத் தெரியாதவள்.

அவள் புருஷன் வீரய்யா அதற்கு நேர்மாறு. முப்பது வருஷமாகத் தோட்டத்தில் கான் வெட்டுகிறவர். மலையில் விழும் தண்ணீரைக் குறுக்கே வெட்டிய கான்களில் திருப்பி, மண்ணைக் கரைக்காமல் ஆற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. சபைக்கு வருவதில்லை. மாரியம்மன் கோயில் மண்டபத்துச் சாவி அவரிடம்தான் இருந்தது. மனைவியின் ஜெபத்தில் தலையிட்டதும் இல்லை. ஆனால் ஞாயிறு மாலை, சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

"மழ நின்னுச்சா?"

"இல்லையே. பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க."

"அப்ப அந்தத் தண்ணி எங்க போச்சு?"

ஜீவராணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஒங்களுக்கு எதுலதாங்க நம்பிக்க இருக்கு? ஊரே கண்ணால பாத்திருக்கு. நீங்க மட்டும் குத்தம் கண்டுபிடிங்க" என்று குழம்புச் சட்டியை ணங்கென்று வைத்தாள். அதன் பிறகு இரண்டு நாள் அந்தக் காம்பிராவில் பேச்சுவார்த்தை இல்லை.

செவ்வாய்க்கிழமை மழைக்குப் பன்னிரண்டாவது நாள். வேலை நிறுத்தியாகிவிட்டது. தலவாக்கலைக்குப் போகும் ரோட்டில் மண் விழுந்து பஸ் இல்லை. போன்களில் முந்தின நாளிலிருந்தே சிக்னல் இல்லை. வீரய்யா விடியற்காலையே கடப்பாரை போன்ற அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு மலையேறிப் போனவர், ஒன்பதரைக்குத் திரும்பி வந்தார். காலைக்கூடக் கழுவாமல் இஸ்தோப்பில் சேறோடு நின்றார்.

"ராணி, வா. வந்து பாரு."

"என்னத்தப் பாக்க?"

"ஒன் சாமிய கொற சொல்ல வரல புள்ள. தண்ணி எங்க போச்சுன்னு பாத்துட்டேன். நா சொன்னா ஒங்க ஆளுக கேக்க மாட்டாங்க. நீ சொன்னாத்தான் கேப்பாங்க. அதுக்காவது வந்து பாரு."

ஜீவராணி அவர் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த முகத்தில் அவள் கோபத்தைப் பார்த்திருக்கிறாள், அலுப்பைப் பார்த்திருக்கிறாள். பயத்தைப் பார்த்ததில்லை. கொழுந்து பறிக்கப் போகும்போது போர்த்துகிற பொலித்தீன் ரெட்டு விரிப்பைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தாள்.

லயத்துக்கு நேர் மேலே பன்னிரண்டாம் நம்பர் மலை. இருபது வருஷம் அவள் கொழுந்து பறித்த மலை. படியெல்லாம் வழுக்கியது, அட்டைகள் கால் விரல் இடுக்கில் ஏறின. பாதி மலை ஏறியதும் வீரய்யா நின்றார். ஆவணியில் அவரே வெட்டிய மேல்கான் அது. தண்ணீர் அதில் நுரைத்துக்கொண்டு வந்தது. வந்து, ஓர் இடத்தில் சட்டென்று காணாமல் போனது. அதற்கு அப்பால் கான் வெறுமையாகக் கிடந்தது.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே மலைக்குக் குறுக்காக மண் பிளந்திருந்தது. லயத்தின் நீளத்துக்கு நீளம். ஒரு கை அகலம். கானில் வந்த தண்ணீர் அத்தனையும் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வீரய்யா அலவாங்கைப் பிளவுக்குள் விட்டார். ஐந்தடி இரும்பும் இறங்கியது, அடி தட்டவில்லை.

"விடியக்காலையில பாத்தப்ப வெரல் அகலம். இப்பக் கை அகலம்" என்றார். "ஊத்து நிக்கல ராணி. உள்ளுக்குள்ள வழி அடச்சிருச்சு. நாலு நாளா எல்லாத் தண்ணியையும் இந்த மலை குடிச்சிக்கிட்டு இருக்கு. எவ்வளவு நேரம் தாங்குமோ தெரியாது."

ஜீவராணி நின்ற இடத்துக்குக் கீழே களக் களக் என்று ஒரு சத்தம் கேட்டது. காலுக்கடியில் தண்ணீர் நடமாடும் சத்தம். எங்கோ பக்கத்தில் ஒரு வேர் டக்கென்று அறுந்தது.

முதலில் அவளுக்கு வந்தது புருஷன் மேல் கோபம். எதற்கு இதைக் காட்டினார்? அடுத்து ஆண்டவர் மேல். முழங்கால் போட்டுக் கேட்டவளை இப்படியா ஏமாற்றுவது? ஊரைக் கூட்டிச் சாட்சி சொல்ல விட்டுவிட்டு, இப்போது எந்த முகத்தோடு போய் நிற்பது? அந்தப் பிளவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. பழைய ஜீவராணி என்றால் அழுதிருப்பாள். ஆனால் கீழே பார்த்தாள். லயத்துத் தகரக் கூரைகளில் பன்னிரண்டு அடுப்புப் புகையும் ஏறிக்கொண்டிருந்தது. கடைசிக் கூரைக்குக் கீழே இருபத்துநாலு நாள் குழந்தை.

நாலு நாளாக நன்றி சொன்னோமே, ஒரு தடவையாவது பின்பக்கம் போய்ப் பார்த்தோமா என்று நினைத்தாள். இல்லை. மனுஷன் கேட்டார், சட்டியை ணங்கென்று வைத்தோம்.

"ஆண்டவரே" என்றாள் வாய்விட்டு. "கண்ணயும் நீங்கதான் குடுத்தீங்க. அத மூடிக்கிட்டே ஒங்களுக்கு ஸ்தோத்திரம் சொல்லிருக்கேன். மன்னிச்சுக்குங்க. இப்ப அழ நேரமில்ல, அப்பறம் பேசிக்குவோம்."

"என்னா சொல்ற?" என்றார் வீரய்யா.

"ஒங்ககிட்ட இல்லங்க. எறங்குங்க. எங்க போறது எல்லாரும்?"

"கோயில் மண்டபம். வேற எது? அது மட்டுந்தான் பாறை மேல நிக்கிது."

ஜீவராணி ஒரு நொடி நின்றாள். கோயில் வாசலை மிதிக்க மாட்டேன் என்று நிஷாந்தி அழுதுகொண்டே சொன்னபோது, ஆமேன் என்று முதலில் சொன்னவள் அவள்தான்.

கீழே இறங்கியதும் வீரய்யா மண்டபத்தைத் திறந்து கோயில் மணியை அடித்தார். பூசைக்கு அடிக்கிற அடி அல்ல. கயிறு அறுந்துபோகிற அடி. அரை மணி நேரத்தில் கோயில் கும்பிடுகிற குடும்பங்கள் பிள்ளைகளையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டன. சபைக் குடும்பங்கள் ஆறும் ஜெயந்தினியின் இஸ்தோப்பில் கூடி நின்றன. ஜெயந்தினி தோட்டத்துப் பிள்ளைக்காம்பிராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பெண். சபையில் பாட்டுக்கு அவள்தான் முன்னணி. எல்லாக் கண்களும் ஜீவராணி மேல் இருந்தன.

"மலை வெடிச்சிருக்கு" என்றாள் ஜீவராணி. "நா என் கண்ணால பாத்துட்டு வாரேன். ஊத்து நிக்கல. மலைக்குள்ள போயிக்கிட்டு இருக்கு. ஞாயித்துக்கிழம நா சொன்ன சாட்சி தப்பு."

மழை தகரத்தில் அறைந்தது.

"தப்புன்னா என்னாக்கா அர்த்தம்?" என்றாள் ஜெயந்தினி. "நாமெல்லாம் பாத்தோமே. இப்ப பயந்து ஓடுனா அது அவிசுவாசம் இல்லையா? பாஸ்டரக் கேக்காம எப்பிடி?"

"பாஸ்டரு தலவாக்கலையில. ரோட்டுல மண்ணு. போனும் இல்ல. எனக்கும் அவரக் கேக்க ஆசதான்."

"அதுக்குன்னு மாரியம்மன் கோயில்லயா போயி ஒக்கார்றது?"

"நாம சாமி கும்புடப் போகல ஜெயந்தினி. பாறை மேல ஒக்காரப் போறோம். அந்தப் பாறையப் படைச்சது யாரு?"

ஜெயந்தினி உள்ளே போய்த் தம்பியை எழுப்பினாள். அவள் அசைந்ததும் மற்றவர்களும் அசைந்தார்கள். ஜீவராணி ஒவ்வொரு காம்பிராவாகத் தட்டிக்கொண்டே போனாள். ஆறாவது காம்பிராவில் மூக்கன், கிழவர், தன் பசுமாட்டை அவிழ்க்கப் போகிறேன் என்று நின்றார். மாட்டுப்பட்டி லயத்துக்குப் பின்னால், மலையடியில். அது வேண்டாம் என்று கெஞ்சி, கடைசியில் அதட்டி, இரண்டு பையன்களோடு அவரைக் கிளப்பிவிட வேண்டியிருந்தது.

கடைசிக் காம்பிராவின் இஸ்தோப்பில் பேச்சியம்மா நனைந்துபோய் நின்றாள். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"சொல்லிப் பாத்துட்டேன் ராணி. தொறக்க மாட்டேங்கிறா. கோயில் மணியக் கேட்டதும் சாத்திக்கிட்டா" என்றாள் பேச்சியம்மா. "நீ செஞ்ச வேல. நீயே தொறக்கச் சொல்லு."

ஜீவராணிக்குச் சுருக்கென்றது. கதவைத் தட்டினாள்.

"நிஷாந்தி! நாந்தான். கதவத் தொற."

"அக்கா, நீங்களா!" உள்ளேயிருந்து வந்த குரலில் நிம்மதி தெரிந்தது. "நீங்க சொல்லுங்க அவங்களுக்கு. நாங்க எங்கயும் போகல. நீங்கதான சொன்னீங்க, இந்தக் காம்பிராவ ஆண்டவரு தொட்டுட்டாருன்னு."

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

ஜீவராணி கதவருகே குனிந்தாள்.

"தண்ணி நிக்கல தாயி. மலை வெடிச்சு அதுக்குள்ள எறங்கிக்கிட்டு இருக்கு. நா இப்பத்தான் பாத்துட்டு வாரேன். நீ வெளிய வா."

"அப்ப ஆண்டவரு நம்ம ஜெபத்தக் கேக்கலையா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தேதான் வந்திருந்தாள். மலையிலிருந்து இறங்கும்போது இரண்டு மூன்று பதில் யோசித்தும் வைத்திருந்தாள். இப்போது அவற்றை ஒதுக்கிவிட்டாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள். "கேட்டாரா, கேக்கலையா, வேற மாதிரி கேட்டாரா, ஒன்னும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒன்னுதான். அன்னைக்கி நா சந்தோசத்துல பின்னாடி போயிப் பாக்கல. அது ஆண்டவரு குத்தம் இல்ல, என் குத்தம்."

"நா அவர நம்பி இருக்கேங்க்கா."

"நம்பு. யாரு வேணாம்னா? நம்பிக்கைய இங்க விட்டுட்டு வரச் சொல்லல. புள்ளையத் தூக்குற மாதிரி அதயும் தூக்கிக்கிட்டு வெளிய வா."

குழந்தை அழ ஆரம்பித்தது. நிஷாந்தியும் அழுதுகொண்டிருந்தாள். "கோயில்ல போயி நின்னா அத்த என்னயப் பாத்துச் சிரிப்பாங்க. நா எல்லாருக்கும் முன்னாடி சத்தியம் பண்ணிட்டேன்."

ஜீவராணி திரும்பிப் பார்த்தாள். பேச்சியம்மா கதவோரம் வந்து, ஈரக் கன்னத்தைப் பலகையில் வைத்தாள்.

"நா சிரிக்க மாட்டேன் தாயி. ஆத்தா மேல ஆணையா சிரிக்க மாட்டேன். புள்ளையக் கொண்டு வெளிய வா. ஒன் சாமியவும் கூட்டிக்கிட்டே வா, நா ஒன்னும் சொல்லல."

உள்ளே தாழ்ப்பாளை இழுக்கும் சத்தம் கேட்டது. ஆனால் கதவு திறக்கவில்லை.

"அக்கா, கதவு வர மாட்டேங்குது!"

தாழ்ப்பாள் விலகிவிட்டது, ஆனால் கதவு நிலையோடு இறுகிப்போயிருந்தது. ஜீவராணி தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அசையவில்லை. அப்போதுதான் காலடியில் பார்த்தாள். இஸ்தோப்பின் சிமெந்துத் தரையில், காலையில் இல்லாத ஒரு வெடிப்பு சுவரிலிருந்து படிவரை ஓடியிருந்தது. கதவில் குற்றம் இல்லை; லயமே நகர்ந்துகொண்டிருந்தது.

"என்னங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் மணிச் சத்தம் நின்றது. வீரய்யா அலவாங்கோடு ஓடி வருவதற்குள் அவளுக்கு ஒரு யுகம் போனது. அந்த யுகம் முழுவதும் அவள் நல்ல ஜெபம் ஒன்றும் பண்ணவில்லை. அப்பா, அப்பா என்று மட்டும் சொல்லிக்கொண்டு கதவை உதைத்துக்கொண்டிருந்தாள்.

வீரய்யா அலவாங்கின் நுனியை நிலைக்கும் கதவுக்கும் நடுவே செருகி, "ஒதுங்கி நில்லு புள்ள" என்று உள்ளே குரல் கொடுத்து நெம்பினார். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை ஜீவராணியும் பேச்சியம்மாவும் சேர்ந்து அந்த இரும்பில் தொங்கினார்கள். பலகை பிளந்து கதவு சாய்ந்தது. நிஷாந்தி குழந்தையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு அந்த இடுக்கில் நுழைந்து வந்தாள். கால் தடுக்கியவளை அப்படியே தாங்கிப் பிடித்தது பேச்சியம்மாதான். செருப்பைத் தேடவில்லை, பிள்ளையின் துணிப்பையை எடுக்கவில்லை. நாலு பேரும் மழையில் ஓடினார்கள்.

கோயில் வாசற்படியில் நிஷாந்தி நின்றுவிட்டாள். ஜீவராணியைப் பார்த்தாள். ஜீவராணி முதலில் படியேறி, மண்டபத்துக்குள் போய், திரும்பிக் கையை நீட்டினாள். நிஷாந்தி குழந்தையை அந்தக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள்.

ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. ஒரு பக்கம் அம்மன் சன்னதியின் பூட்டிய கதவு, மறுபக்கம் ஜெயந்தினியின் ஆட்கள், நடுவில் எல்லாருடைய பிள்ளைகளும். இரண்டு மணி ஆயிற்று. சனம் முணுமுணுக்க ஆரம்பித்தது. அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்தேன், ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்றாள் ஒருத்தி. மூக்கன் எழுந்து வாசலுக்குப் போனார். வீரய்யா குறுக்கே நின்றார். எல்லாரும் ஜீவராணியைப் பார்த்தார்கள். ஒருவேளை இதுவும் தப்போ என்ற எண்ணம் அவளுக்கும் வராமல் இல்லை. இரண்டு சாட்சியும் பொய்யானால் இந்தத் தோட்டத்தில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. பொய்யாகட்டும் ஆண்டவரே, பரவாயில்லை என்று கேட்டுக்கொண்டாள். அது மனதாரக் கேட்ட ஜெபம்.

இரண்டேகாலுக்கு மலை வந்தது.

பெரிய சத்தம் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். ஜீவராணிக்கு நினைவில் நின்றது சத்தமல்ல. பன்னிரண்டாம் நம்பர் மலையின் தேயிலைச் செடிகள் வரிசை கலையாமல், நின்ற நிலையிலேயே கீழே நகர்ந்து வந்ததுதான். அப்புறம் எல்லாம் மண். கண்ணை இமைத்துத் திறந்தபோது லயத்தின் முன்பாதி நின்றது. பின்பாதியில் ஆறு காம்பிராக்கள் இல்லை. நிஷாந்தியின் காம்பிரா இருந்த இடத்தில் மரமும் தகரமும் சேறும் கலந்து கிடந்தன. அதற்கு நடுவே, நாலு நாளாகக் காணாமல் போயிருந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் பீறிட்டுக்கொண்டு ஓடியது.

யாரோ வீறிட்டு அழுதார்கள். வீரய்யா ஒருமுறைக்கு இரண்டுமுறை தலைகளை எண்ணினார். எல்லாரும் இருந்தார்கள்.

ஜெயந்தினி இரண்டு கையையும் உயர்த்தினாள். அவள் கண்ணில் தாரை தாரையாக நீர். "அக்கா, அல்லேலூயா சொல்லுங்க! இதத்தானக்கா அற்புதம்னு சொல்றது! பாடுங்கக்கா!"

ஜீவராணிக்கும் நெஞ்சு முட்டிக்கொண்டுதான் வந்தது. கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற அந்தப் பழைய சந்தோஷம். வாயைத் திறக்கவும் திறந்தாள். அப்போது தூண் ஓரத்தில் மூக்கன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கையோடு கொண்டுவந்த பழைய மாட்டுக் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். அந்தப் பசு அவருக்குச் சோறு, துணை, எல்லாம்.

"பாடுவோம்" என்றாள் ஜீவராணி. "மெதுவாப் பாடுங்க. எழவு வீடு பக்கத்துல இருக்க மாதிரி பாடுங்க." பிறகு போய் மூக்கனுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "என்னா பேரு வச்சிருந்தீங்கண்ணே அதுக்கு?" என்று மட்டும் கேட்டாள். லெட்சுமி என்றார் அவர். சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார். அந்தப் பக்கம் ஜெயந்தினியின் ஆட்கள் தாழ்ந்த குரலில் பாடினார்கள். இந்தப் பக்கம் பேச்சியம்மா சன்னதிக் கதவுக்கு முன்னால் விழுந்து கிடந்தாள். யாரும் யாரையும் தடுக்கவில்லை.

ஐந்து மணிக்குக் கிராம சேவகர் அம்மா, எல்லாரும் நோனா என்று கூப்பிடுகிறவர், நடந்தே வந்து சேர்ந்தார். முழங்கால் வரை சேறு. குடையைத் தூணில் சாய்த்துவிட்டு, பைக்குள்ளிருந்து ஈரமாகாத ஒரு தாளை எடுத்து, குடும்பம் குடும்பமாகப் பேர் எழுத ஆரம்பித்தார். பாதி சிங்களம், பாதி தமிழ். ஜீவராணி எழுந்து கால்களை உதறிக்கொண்டாள். நிஷாந்தியின் முறை வருவதைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள். கதவுக்கு வெளியே வந்ததிலிருந்து அந்தப் பெண் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நோனா நிஷாந்தியின் பேரை எழுதினார். பேச்சியம்மாவின் பேரை எழுதினார். பேனாவால் மடியில் இருந்த குழந்தையைக் காட்டினார்.

"பபாகே நம மொகத்த?" குழந்தையின் பேர் என்ன என்று கேட்டார்.

நிஷாந்தி குழந்தையைப் பார்த்தாள். வெளியே, காம்பிரா இருந்த இடத்தைப் பார்த்தாள். இவள் இனிமேல் சபைப் பக்கமே வரமாட்டாள், வராவிட்டாலும் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை என்று ஜீவராணி மனதைத் தயார் பண்ணிக்கொண்டாள்.

"இன்னும் வைக்கல நோனா" என்றாள் நிஷாந்தி. "ஞாயித்துக்கிழமதான். ஜீவராணிக்கா ஜெபம் பண்ணி வைப்பாங்க."

நோனா 'குழந்தை, பெண்' என்று மட்டும் எழுதிக்கொண்டு அடுத்த குடும்பத்துக்கு நகர்ந்தார். ஜீவராணியின் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் போய்க் குந்தினாள். நிஷாந்தி திரும்பாமலே, குழந்தையின் காதை முந்தானையால் துடைத்துக்கொண்டு, மெல்லச் சொன்னாள்.

"அக்கா, ஆனா அந்த அற்புதராணி வேணாங்க்கா. வேற ஏதாச்சும் நல்ல பேராப் பாருங்க."

"சரி" என்றாள் ஜீவராணி. அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். "இந்தத் தடவ நல்லாப் பாத்துட்டே சொல்றேன்."